கிழக்கு லண்டன் தமிழ் விளையாட்டுக் கழகங்களுக்கு: ஒரு கிண்ணத்துக்கு ஜாக் லெஸ்லியின் பெயரை வையுங்கள்

அன்புள்ள கழகப் பொறுப்பாளர்களுக்கும் பழைய மாணவர் சங்கத்தினருக்கும்,

வணக்கம். கோடைக்கால உதைபந்தாட்டப் போட்டிகளுக்கு நீங்கள் மைதானம் பதிவு செய்கிற நேரம் இது. நமது கிண்ணங்களுக்கு எப்போதும் ஒரு பெயர் இருக்கும். ஊரில் படிப்பித்த அதிபரின் பெயர், கூட விளையாடி இடையில் போய்விட்ட நண்பனின் பெயர். அவை எல்லாம் அப்படியே இருக்கட்டும். இந்த முறை பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் கிண்ணத்துக்கு மட்டும் ஜாக் லெஸ்லி என்ற பழைய உதைபந்தாட்ட வீரரின் பெயரை வைக்கும்படி கேட்டே இதை எழுதுகிறேன்.

அவர் நமது பக்கத்து ஆள். கானிங் டவுனில் பிறந்தவர். நாம் மரக்கறி வாங்குகிற ஈஸ்ட்ஹாம் கடைத்தெருவும் அவர் பிறந்த இடமும் ஒரே நியூஹாம் நகரசபைக்குள் வருகின்றன. அப்பா ஜமைக்காவில் இருந்து வந்த கறுப்பினத் தொழிலாளி, அம்மா இங்கிலாந்துப் பெண். முதலில் பார்க்கிங் டவுன் கழகத்துக்கு ஆடினார். 1921இல் ப்ளிமத் ஆர்கைல் கழகம் அவரைக் கூட்டிக்கொண்டு போனது. அதன் பிறகு பதின்மூன்று ஆண்டுகள் வேறு கழகம் இல்லை. ஏறத்தாழ 400 ஆட்டங்கள், 137 கோல்கள்.

இடதுபுற உள் முன்கள வீரராக அவர் ஆடினார். அவருக்கு வெளியே இடது ஓரத்தில் சாமி பிளாக் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். இந்த இருவரும் சேர்ந்து ஆடிய ஆட்டத்தை ப்ளிமத்தில் இன்றும் பேசுகிறார்கள். அப்போது ஆர்கைல் இருந்தது மூன்றாம் பிரிவின் தெற்குப் பகுதியில். அங்கே முதலாவதாக வருகிற அணிக்கு மட்டும்தான் மேலே போக வழி. 1922 முதல் 1927 வரை ஆறு பருவங்களும் ஆர்கைல் இரண்டாவதாகவே வந்தது. ஆறு முறை! கடைசியில் 1930இல்தான் முதலிடம் பிடித்து இரண்டாம் பிரிவுக்கு ஏறினார்கள். தோற்றுவிட்டு அழுகிற நமது பிள்ளைகளுக்கு இதை ஒரு தடவை சொல்லுங்கள்.

இனி 1925ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் இங்கிலாந்து அணிக்கு முகாமையாளர் என்று ஒருவர் கிடையாது. உதைபந்தாட்டச் சங்கத்தின் தெரிவுக்குழு கூடி அணியைத் தெரிவு செய்யும். மூன்றாம் பிரிவில் ஆடுகிறவரை அந்தக் குழு திரும்பிப் பார்ப்பதே அபூர்வம். அப்படியிருந்தும் ஒக்டோபர் மாதத்தில் ஒரு நாள் ஆர்கைல் முகாமையாளர் பொப் ஜாக், லெஸ்லியைத் தனது அறைக்குக் கூப்பிட்டு, நீ இங்கிலாந்துக்குத் தெரிவாகியிருக்கிறாய் என்றார். ஊரே கொண்டாடியது. பத்திரிகைகளிலும் பெயர் வந்தது. சில நாட்களில் அந்தப் பெயர் பட்டியலில் இல்லை. ஏன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதைப் பற்றிய பேச்சே திடீரென்று நின்றுபோனது.

முதுமையில் ஒரு பத்திரிகையாளரிடம் லெஸ்லி மனம் திறந்து பேசினார். உதைபந்தாட்டச் சங்கத்தில் இருந்து மறுபடியும் தன்னைப் பார்க்க ஆட்கள் வந்ததாகவும், அவர்கள் பார்க்க வந்தது தனது ஆட்டத்தை அல்ல, முகத்தை என்றும் கேள்விப்பட்டதாகச் சொன்னார். அப்பா யார் என்று தெரிந்ததோடு கதை முடிந்ததாம்.

லெஸ்லி தெரிவாகியிருந்த அந்த ஆட்டம் 1925 ஒக்டோபர் 24ஆம் திகதி நடந்தது; பெல்ஃபாஸ்டில் இங்கிலாந்து அயர்லாந்தோடு ஆடியது. ஒரு கோலும் இல்லாத சமநிலை. அதே நாளில் ப்ளிமத்தில் ஆர்கைல் போர்ன்மத்தை 7-2 என்று வென்றது. அதில் இரண்டு கோல்கள் லெஸ்லி போட்டவை. நான் இதை வாசித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தேன். அவர் வீட்டில் முடங்கவில்லை, கழகத்தை விட்டுப் போகவில்லை. சனிக்கிழமை வந்தது, மைதானத்தில் இறங்கினார்.

பட்டியலில் இருந்து ஒரு பெயர் காரணம் சொல்லாமல் எடுபடுவது என்றால் என்ன என்று நமது தலைமுறைக்குத் தெரியும். இலங்கையில் தமிழ் மாணவர்களிடம் பல்கலைக்கழக அனுமதிக்குக் கூடுதல் புள்ளி கேட்ட தரப்படுத்தல் காலத்தில் பல்கலைக்கழகம் போகமுடியாமல் போனவர்கள் இன்றும் உங்கள் சங்கக் கூட்டங்களில் முன்வரிசையில் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே கதை என்று சொல்ல வரவில்லை. ஆனால் லெஸ்லியின் கதையை அவர்களுக்கு விளக்க அதிக நேரம் எடுக்காது.

கண்ணில் பட்ட காயம் அவருடைய ஆட்டத்துக்கு முடிவு கட்டியது. அப்புறம் கிழக்கு லண்டனுக்குத் திரும்பிக் கொதிகலன் செய்யும் தொழிலுக்குப் போனார். ஓய்வு பெற்ற வயதில் வெஸ்ட் ஹாம் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நம்மில் பலர் பார்த்த அதே அப்டன் பார்க் மைதானம்தான். வீரர்களின் சப்பாத்துகளைத் துடைத்து வைப்பது அவர் வேலை. பொபி மூர், ஜெஃப் ஹேர்ஸ்ட், மார்ட்டின் பீற்றர்ஸ் என்று 1966இல் உலகக் கிண்ணம் வென்றவர்களின் சப்பாத்துகளும் அவர் கையால் துலங்கின. பெர்முடாவில் இருந்து வந்த கறுப்பின வீரர் கிளைட் பெஸ்ட்டின் சப்பாத்துகளும்தான். அப்போது வெஸ்ட் ஹாமை நடத்தியவர் ரொன் கிரீன்வூட். அதே கிரீன்வூட் பிறகு இங்கிலாந்தின் முகாமையாளராகி, 1978 நவம்பரில் விவ் ஆண்டர்சனை அணியில் சேர்த்தார். இங்கிலாந்தின் முதன்மை அணிக்கு ஆடிய முதல் கறுப்பின வீரர் ஆண்டர்சன். லெஸ்லியின் பெயர் காணாமல் போய் 53 ஆண்டுகள் கழித்து நடந்தது அது. லெஸ்லி உயிரோடு இருந்து அதைப் பார்த்தார். 1988இல் காலமானார்.

ப்ளிமத் ரசிகர்கள் காசு சேர்த்து 2022 ஒக்டோபரில் ஆர்கைலின் ஹோம் பார்க் மைதானத்தின் முன் அவருக்குச் சிலை வைத்தார்கள். நாட்டுக்காக ஆடியவர்களுக்குக் கொடுக்கிற தொப்பியை அடுத்த ஆண்டு மார்ச்சில், வெம்பிளியில், உதைபந்தாட்டச் சங்கம் அவருடைய பேத்திகளிடம் கொடுத்தது. கொடுத்தது நல்லதுதான். தலையில் வைக்க வேண்டியவர் இல்லாமல் போய் 34 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் தமிழர் இல்லையே, நமது போட்டியில் ஏன் அவர் பெயர் என்று கூட்டத்தில் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. நமது பிள்ளைகள் பிறந்ததும் வளர்வதும் அவர் ஆடிய தெருக்களில். நாளைக்கு அவர்களில் ஒருவர் ஒரு தெரிவுக்குழுவின் முன் நிற்கப்போகிறார். அன்றைக்குத் தனக்கு முன்னால் இந்த ஊரில் ஒருவர் நின்றார் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊரில் இருந்து கொண்டுவந்த பெயர்களைப் போலவே, வந்து சேர்ந்த இடத்தின் பெயர்களும் நமது பிள்ளைகளுக்குச் சொந்தம்.

கிண்ணத்துக்கான செலவை நான் தருகிறேன். பரிசளிப்பின்போது ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும், அவர் கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிள்ளைகளுக்கு நானே சொல்கிறேன். வைகாசிக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசுங்கள்.

அன்புடன்,
ஈஸ்ட்ஹாமில் இருந்து ஒரு தகப்பன்