இணையப் பக்கம் விரைவாகத் திறக்க: தங்கள் குறிப்புகளுக்குச் சில திருத்தங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்போடு வரும் இணைப்பில், இணையப் பக்கங்கள் விரைவாகத் திறப்பதற்கு உலாவியில் செய்துகொள்ள வேண்டிய மாற்றங்கள் என்று அண்மையில் சில குறிப்புகள் வெளியாகியிருந்தன. நான் அம்பாசமுத்திரத்தில் பிரவுசிங் சென்டர் நடத்துபவன். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து, "அண்ணாச்சி, இதுல போட்டிருக்கத அப்படியே நம்ம லேப்டாப்புலயும் செஞ்சு குடுங்க" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்திருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். அக்குறிப்புகளில் பாதி ஒரு காலத்தில் பொருந்தியவை. இன்று அவற்றைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒன்றுதான். ஒரே ஒரு குறிப்பு மட்டும் வேகத்தைக் கூட்டுவதற்குப் பதிலாகக் குறைத்துவிடும்.

பயர்பாக்ஸ் உலாவியின் முகவரிப் பட்டையில் அபௌட் கான்ஃபிக் என்று தட்டச்சு செய்து, திறக்கும் உள் அமைப்புகளின் பட்டியலில் பைப்லைனிங் என்று முடியும் அமைப்பை 'ட்ரூ' என மாற்றச் சொல்லியிருக்கிறீர்கள். 2004-இல் பயர்பாக்ஸ் முதல் பதிப்பு வெளிவந்ததை ஒட்டிய ஆண்டுகளில் கணினி தெரிந்தவர் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட வித்தை இது. அன்று அதற்கு நியாயமும் இருந்தது. உலாவியும், தளத்தைத் தன்னிடம் வைத்திருந்து அனுப்பும் கணினியான சர்வரும் பேசிக்கொள்வதற்காக 1999-இல் வகுக்கப்பட்ட ஹெச்.டி.டி.பி. 1.1 விதிமுறை, ஒரு சர்வரோடு ஒரே நேரத்தில் இரண்டு இணைப்புகளுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அறிவுறுத்தியது. ஒரு பக்கத்தில் நாற்பது படங்கள் இருந்தால், ஒன்று வந்து சேர்ந்த பிறகே அந்த இணைப்பில் அடுத்ததைக் கேட்க முடியும். பதிலுக்குக் காத்திராமல் கோரிக்கைகளை வரிசையாக அனுப்பிவைப்பதுதான் பைப்லைனிங். ஆனால் பதில்கள் கேட்ட வரிசையிலேயே வந்தாக வேண்டும் என்பதால், முன்னால் நிற்கும் ஒரு பெரிய படம் தாமதமானால் பின்னால் நிற்பவை அனைத்தும் தேங்கி நின்றன. இடையிலிருந்த சில சர்வர்களுக்கோ அந்த முறையே சரியாகப் பிடிபடவில்லை. அதனால்தான் பயர்பாக்ஸ் அதை எப்போதும் அணைத்தே வைத்திருந்தது. 2017-இல் நிரலிலிருந்து அடியோடு நீக்கியும் விட்டது. 2015-இல் வந்த ஹெச்.டி.டி.பி. 2, ஒரே இணைப்பில் பல கோப்புகளைக் கலந்து அனுப்பும் வசதியை முறையாகவே கொண்டுவந்துவிட்டது. 2022-இல் தரப்படுத்தப்பட்ட ஹெச்.டி.டி.பி. 3 அதையும் தாண்டி, ஒரு கோப்பின் துணுக்கு வழியில் தொலைந்தாலும் மற்றவை நிற்காமல் வரும்படி செய்திருக்கிறது.

நீக்கப்பட்ட அமைப்பு என்றால் அது தேடலில் அகப்படக் கூடாதே என்று வாசகர்கள் கேட்கலாம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். இன்றைய பயர்பாக்ஸில், இல்லாத ஒரு பெயரை அந்தப் பக்கத்தில் தட்டினால், 'அப்படி ஒன்று இல்லை' என்று அது சொல்வதில்லை. அந்தப் பெயரையே காட்டி, பக்கத்தில் ஒரு கூட்டல் குறியையும் வைத்து, புதிதாக உருவாக்கிக்கொள்ள வழிவிடுகிறது. அதை அழுத்தியவுடன் பெயர் தடித்த எழுத்தில் தோன்றும், எதிரே 'ட்ரூ' என்று நிற்கும். செய்தவருக்கு மனநிறைவு. ஆனால் அந்த வரியைப் படிக்கும் நிரல் உலாவிக்குள் எங்கும் கிடையாது. தங்கள் பெயரையே அங்கே தட்டி 'ட்ரூ' என்று வைத்தாலும் பயர்பாக்ஸ் அவ்வாறே ஏற்றுக்கொள்ளும்.

ஒரு சர்வருக்கான இணைப்புகளின் எண்ணிக்கையை முப்பது ஆக்குங்கள் என்ற குறிப்பும் இதே வகையைச் சேர்ந்தது. பயர்பாக்ஸிலும் குரோமிலும் ஹெச்.டி.டி.பி. 1.1 என்ற பழைய முறைக்கு அந்த எண் ஆறு. ஹெச்.டி.டி.பி. 2, 3 ஆகிய புதிய முறைகளில் பெரும்பாலும் ஓர் இணைப்பே போதுமானது. கால்வாயில் மேலே தண்ணீர் திறந்துவிடாத நாளில், வயலின் மடையை அகலமாக வெட்டிவைப்பதால் நெல்லுக்கு என்ன பயன்? பக்கத்தை வரையத் தொடங்குமுன் உலாவி காத்திருக்கும் நேரத்தைச் சுழியமாக்கும் குறிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் கால் வினாடியாக இருந்த அந்தக் காத்திருப்பைப் பயர்பாக்ஸே எப்போதோ மிகவும் சுருக்கிவிட்டது. குரோமில், பக்கங்களைச் சுருக்கி இறக்கி டேட்டாவை மிச்சப்படுத்திய லைட் மோடைப் போடச் சொன்னதும் அப்படியே. அந்த வசதியைக் கூகுள் 2022 மார்ச்சில் நிறுத்திவிட்டது. இல்லாத பொத்தானைத் தேடி என் கடை வாசலில் நின்ற பெரியவரிடம் அதைச் சொல்லி நம்பவைக்கத்தான் எனக்கு நேரம் பிடித்தது. செய்தித்தாளில் வந்தது பொய்யாக இருக்குமா என்பது அவர் வாதம்.

வேகத்தைக் குறைக்கும் என்று நான் மேலே சொன்னது, 'தினமும் இரவில் கேச் முழுவதையும் அழித்துவிட்டு உறங்கச் செல்லுங்கள்' என்ற குறிப்பு. கேச் என்பது குப்பை அன்று. ஒரு தளத்தின் சின்னம், அதன் எழுத்துரு, பக்கத்தின் அமைப்பைத் தீர்மானிக்கும் கோப்புகள், நிரல் கோப்புகள் ஆகியவற்றை உலாவி நம் கணினியிலேயே ஒரு படி எடுத்து வைத்துக்கொள்வதற்குப் பெயர்தான் அது. மறுநாள் காலையில் அதே தளத்தைத் திறக்கும்போது இவற்றை மீண்டும் இறக்க வேண்டியதில்லை. மாறியதை மட்டும் கேட்டு வாங்கினால் போதும். அதை இரவோடு இரவாக அழித்துவிட்டால், காலையில் எல்லாத் தளங்களும் புதிதாகத் திறப்பவை போல முதலிலிருந்து இறங்க வேண்டும். அளவாக நெட் பேக் போட்டுக்கொண்டு செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்துப் பயன்படுத்துபவர்களுக்கு இது காசுக்கும் கேடு. முன்பு வெவ்வேறு தளங்கள் ஒரே எழுத்துருக் கோப்பைப் பயன்படுத்தினால், அதை ஒருமுறை இறக்கியது எல்லாவற்றுக்கும் உதவியது. பயனரைப் பின்தொடர்ந்து வேவு பார்ப்பதற்கு அது இடம் தந்ததால், 2020 முதல் குரோமும் அதை அடுத்துப் பயர்பாக்ஸும் தளத்துக்குத் தளம் தனித்தனியாகச் சேமிக்கின்றன. ஆகவே அழித்தால் ஏற்படும் இழப்பு முன்பைவிட இன்று கூடுதலே.

கேச்சை அழிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விண்ணப்பத்தின் நிலையைப் பார்க்கும்போது பழைய பக்கமே திரும்பத் திரும்ப வந்தால், கன்ட்ரோலும் ஷிப்டும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தினால் அந்த ஒரு பக்கம் மட்டும் புதிதாக வரும். அதற்கும் மசியவில்லை என்றால் அந்தத் தளத்தின் சேமிப்பை மட்டும் நீக்கலாம். என் கடையைப் போலப் பலர் கை படும் கணினியில், ஒருவர் பட்டா எடுக்கத் திறந்த கணக்கை அடுத்தவர் பார்க்க நேரிடக் கூடாது என்பதற்காக அழிக்க வேண்டியவை குக்கீகள், அதாவது நாம் கணக்கில் நுழைந்திருப்பதைத் தளம் நினைவில் வைக்க உதவும் சிறு குறிப்புகள். அழிக்கும் கட்டத்தில் குக்கீகளுக்கும் கேச்சுக்கும் தனித்தனியே டிக் இருக்கிறது என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. வாடிக்கையாளருக்கு விருந்தினர் சாளரத்தைத் திறந்து கொடுத்துவிட்டால் அந்தக் கவலையும் இல்லை.

அப்படியானால் வேகத்துக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது எதையும் கூட்டுவதில் இல்லை, கழிப்பதில் இருக்கிறது. கடைக்கு வரும் மடிக்கணினிகளில் நான் முதலில் பார்ப்பது, உலாவியோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்களான எக்ஸ்டென்ஷன்களின் பட்டியலை. பி.டி.எஃப். மாற்றித் தருவதாகச் சொல்வது, தள்ளுபடிக் கூப்பன் தேடித் தருவதாகச் சொல்வது, தேடுபொறியைத் தனக்கென்று மாற்றிக்கொண்டது என்று உரிமையாளருக்கே நினைவில்லாத பலவும் அங்கே குடியிருக்கும். இவற்றுள் பல, திறக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் தம் நிரலை ஓட்டிப் பார்ப்பவை. குரோமில் ஷிப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால், எந்தப் பக்கம், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு நினைவகத்தைத் தின்கிறது என்று ஒரு பட்டியல் விரியும். அதில் அதிகம் தின்னும் எக்ஸ்டென்ஷனை நீக்குவதற்கு எந்த நிபுணரும் வேண்டாம். பயர்பாக்ஸில் அபௌட் ப்ராசஸஸ் என்று தட்டினால் இதைப் போன்ற விவரம் கிடைக்கும்.

அடுத்து, கண்ட தளமெல்லாம் 'அறிவிப்பு அனுப்பலாமா' என்று கேட்க, நாமும் 'அலவ்' என்று அழுத்திவைத்த பட்டியலைக் காலி செய்ய வேண்டும். பயர்பாக்ஸில் தனியுரிமை அமைப்புகளுக்குள் ஆட்டோபிளே என்ற பகுதியில், ஒலியையும் படத்தையும் சேர்த்துத் தடுக்கும் தேர்வு உண்டு. செய்தித் தளங்களில் தானாக ஓடும் வீடியோக்களுக்கு இதுவே கடிவாளம். நான்கு ஜி.பி. ரேம் கொண்ட கணினியில் இருபது பக்கங்களைத் திறந்து வைப்பவர்கள், குரோமின் செயல்திறன் பகுதியில் உள்ள மெமரி சேவரை இயக்கிக்கொள்ளலாம். தொடாமல் கிடக்கும் பக்கங்களை அது உறங்கவைத்துவிடும். நெட் குறைவு என்று இவர்கள் நினைப்பது பெரும்பாலும் ரேம் நிரம்பி, கணினி ஹார்டு டிஸ்கோடு மல்லுக்கட்டும் நேரம்தான். டி.என்.எஸ். முகவரியை 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ மாற்றும் குறிப்பு தவறில்லை, ஆனால் அது தளத்தின் பெயரைக் கேட்டு அதன் எண் முகவரியைச் சொல்லும் ஒரு கணத்துக்கு மட்டுமே உதவும். தேர்வு முடிவு வெளியாகும் காலையில் மாநிலம் முழுவதும் ஒரே சர்வரின் வாசலில் நிற்கும்போது, இங்கே எந்த அமைப்பைத் திருகியும் பயனில்லை. சற்றுப் பொறுத்துத் திறப்பதே வழி.

இனிச் சொல்வதைத் தாங்கள் தவறாகக் கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் குறிப்புகளைச் சோதிப்பதற்காக எஃப் 12 விசையை அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, தங்கள் நாளிதழின் இணையப் பக்கத்தையே ஏற்றிப் பார்த்தேன். செய்தி முதலில் வந்துவிட்டது. இணையத்தில் வழங்கும் யூனிகோடு முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள் ஆகும் என்றாலும், ஒரு முழுச் செய்தியின் எழுத்துப் பகுதி சில பத்து கிலோபைட்டுகளைத் தாண்டாது. அதுவும் சுருக்கி அனுப்பப்படுகிறது. அதற்குப் பின் தொடங்கியது ஊர்வலம்: விளம்பர நிறுவனங்களின் நிரல்கள், அவை அழைத்து வந்த வேறு நிரல்கள், ஓரத்தில் தானாக ஓடும் வீடியோ, உள்ளங்கை அளவில் காட்டுவதற்காகக் கேமராவில் எடுத்த முழு அளவிலேயே ஏற்றப்பட்டிருந்த ஒரு கோயில் திருவிழாப் படம். படிக்கத் தொடங்கிய வரி, மேலே ஒரு விளம்பரம் வந்து அமர்ந்ததும் கண்ணுக்கு எட்டாமல் கீழே போய்விடுகிறது. விளம்பரத் தடுப்பானைப் போட்டால் இவ்வளவும் ஒரே நொடியில் ஒழியும் என்பது எனக்குத் தெரியும். விளம்பரமே தங்கள் வருவாய் என்பதும் தெரியும் என்பதால், அதை என் வாடிக்கையாளர்களுக்கு நானாக முன்வந்து சொல்வதில்லை. ஆனால் கேட்பவர்களுக்கு மறைப்பதும் இல்லை.

விளம்பரத்தைக் குறைக்கச் சொல்லாமலேயே செய்யக்கூடியவை உண்டு. படங்களைக் காட்டும் அளவுக்குச் சுருக்கி, குறைந்த இடத்தில் படத்தைச் சேமிக்கும் வெப்பி வடிவில் ஏற்றலாம். கீழே உள்ள படங்களை, வாசகர் அங்கே வரும்போது மட்டும் இறங்கும்படி வைக்கலாம். 2019-இலிருந்து குரோமில் இதற்கென்று தனி நிரல்கூடத் தேவையில்லை, படத்தைப் பக்கத்தில் சேர்க்கும் குறியீட்டு வரியில் ஒரு சொல் சேர்த்தால் போதும். விளம்பரத்துக்கான இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைத்தால் வரி துள்ளாது. வீடியோவை வாசகர் அழுத்தினால் மட்டும் ஓடும்படி செய்தால், மாஞ்சோலை மலைப் பக்கம் ஒரு கோடு சிக்னலில் தங்கள் செய்தியைப் படிப்பவர் தங்களை வாழ்த்துவார்.

பைப்லைனிங், லைட் மோடு, கேச் ஆகிய மூன்று குறிப்புகளுக்கும் அடுத்த இணைப்பிதழில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். அதோடு, விண்டோஸ் 7 உள்ள கணினிகளுக்குக் குரோமின் புதிய பதிப்புகள் 2023-இன் தொடக்கத்தோடு நின்றுவிட்டன என்பதையும், 109-ஆம் பதிப்பே அவற்றில் கடைசி என்பதையும் ஒரு வரி சேர்த்தால் நல்லது. இந்தப் பக்கத்துச் சிறு கடைகளிலும் வீடுகளிலும் அத்தகைய கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. புதிய தளங்கள் அவற்றில் தடுமாறுவதை நெட்டின் குறை என்று எண்ணி, மாதம் ஒரு பெரிய திட்டத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
பிரவுசிங் சென்டர் நடத்துபவன்,
அம்பாசமுத்திரம், திருநெல்வேலி மாவட்டம்.