ஓதம் பூத்த சுவருக்குப் பெயின்ட் மருந்தாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுவரில் ஓதம் ஏறிப் பெயின்ட் உப்பத் தொடங்கினால், பெரும்பாலான வீடுகளில் முதலில் வரவழைக்கப்படுபவர் பெயின்டர்தான். அவரும் சுரண்டி, பட்டி பார்த்து, நீர்த்தடுப்புப் பூச்சு அடித்துவிட்டுப் போகிறார். சில மாதங்களில் அதே இடத்திலோ ஒரு முழம் தள்ளியோ மறுபடியும் உப்பு பூக்கிறது. சுவருக்குள் புதைந்து கிடக்கும் பழைய ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) யார் நினைவுக்கும் வருவதில்லை. குழாய்ப்பணியில் இருப்பவர்கள் இதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை உளியை எடுக்கும் முன்பே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். மழைக்குப் பிறகு மட்டும் பரவினால் மொட்டைமாடியையோ வெளிச்சுவர் விரிசலையோ பாருங்கள். குளித்து முடித்த பின் பரவி, பிறகு காய்ந்தால் கழிவுநீர்க் குழாயோ குளியலறைத் தரையோ காரணம். எந்த நேரமும் ஒரே மாதிரி ஈரமாக இருந்தால், எப்போதும் அழுத்தத்தில் நிற்கும் நல்ல தண்ணீர் பைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். இதை உறுதிசெய்ய, இரவில் எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியின் வால்வையும் மறக்காமல் மூடுங்கள். மீட்டர் இருந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு காலையில் ஒப்பிடலாம். மேல்நிலைத் தொட்டி என்றால், அதற்கு வரும் நீரை நிறுத்திவிட்டு நீர்மட்டத்தில் கோடு போட்டு வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால், மறுநாள் இரவு தொட்டியிலிருந்து வெளியேறும் வால்வையும் மூடிப் பாருங்கள். அப்போதும் இறங்கினால் தொட்டியில் கசிவு. இறங்காவிட்டால் பைப்பில் கசிவு. வினாடிக்கு ஒரு சொட்டு என்றாலும் ஒரு நாளில் நான்கு லிட்டருக்கு மேல் சுவருக்குள் போகிறது.

ஜிஐ பைப்பைக் காப்பது அதன் மேலுள்ள துத்தநாகப் பூச்சு. அது கரைந்த பிறகு இரும்பு துருப்பிடித்து, உள்ளே துருக்கட்டிகள் வளர்ந்து வழியை அடைக்கின்றன. காலையில் முதலில் வரும் தண்ணீர் செம்பழுப்பாக இருப்பதும், ஒரு குழாயைத் திறந்தால் இன்னொன்றில் வேகம் விழுவதும் இதன் அடையாளங்கள். ஆனால் ஓட்டை முதலில் விழுவது பெரும்பாலும் திருகிப் பொருத்துவதற்காக மரை வெட்டிய இடத்தில்தான். அங்கே பூச்சும் போய்விடுகிறது, பைப்பின் கனமும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எல்போ, டீ, யூனியன் போன்ற இணைப்புகள் இருக்கும் இடங்களில் ஓதம் தொடங்குவது அதனால்தான்.

கசிந்த துண்டை மட்டும் வெட்டி மாற்றுவது பல வேளைகளில் அடுத்த கசிவுக்கு வழி செய்கிறது. ரெஞ்ச் போட்டுத் திருகும் விசை, பக்கத்திலுள்ள மெலிந்த மரைகளையும் அசைத்துவிடும். பழைய இரும்போடு புதிய ஜிஐ துண்டைச் சேர்த்தால், மின்வேதி அரிப்பால் புதிய துண்டுதான் முதலில் துருவுக்கு இரையாகும். எபாக்சி பசையும் கிளாம்ப்பும் சில நாள் தாக்குப்பிடிக்கும், அவ்வளவே. ஒரே லைனில் இரண்டாவது கசிவு வந்துவிட்டால், அந்த லைன் முழுவதையும் கைவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. தாமதிப்பதில் உள்ள ஆபத்து பெயின்டோடு நிற்பதில்லை. கான்கிரீட்டுக்குள் நீர் ஊறினால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைப் போலப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். கூரையின் அடிப்பகுதி பாளம் பாளமாகக் கழன்று விழும்.

மாற்றும்போது பழைய பைப்பைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. இரு முனைகளிலும் துண்டித்து, நீரை வடித்து, அடைத்து விட்டுவிடலாம். புதிய லைன் வெளிச்சுவரிலோ ஷாஃப்ட்டிலோ (குழாய்களுக்கென விட்ட திறந்த இடைவெளி) கண்ணுக்குத் தெரியும்படி ஓடட்டும். சுவருக்குள் போவது குழாய் முனைகளுக்கான சிறு துண்டுகள் மட்டும் என்றால் நல்லது. ஒவ்வொரு குளியலறைக்கும் சமையலறைக்கும் தனித்தனி பால் வால்வு (உள்ளே ஒரு பந்து திரும்பி நீரை அடைக்கும் வால்வு) வையுங்கள். பல சுற்றுத் திருகி மூடும் பழைய கேட் வால்வுகள் அவசரத்தில் இறுகிக்கொண்டு மூடாது.

வெந்நீர் லைனுக்கு யூபிவிசி என்ற சாதாரண பிளாஸ்டிக் பைப் கூடாது, சூட்டில் இளகிவிடும். சூடு தாங்கும் பிளாஸ்டிக் பைப்புகளான சிபிவிசி, பிபிஆர் இரண்டும் ஏற்றவை. சிபிவிசி சூட்டில் நீளும் என்பதை மட்டும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 10 மீட்டர் பைப், 40 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் சுமார் 25 மில்லிமீட்டர் நீளும். அதனால் கிளாம்ப் பைப்பை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. நீண்ட நேர் ஓட்டத்தில் ஒரு வளைவு விட வேண்டும். சிபிவிசியை ஒட்டும் முறையிலும் கவனம் தேவை. பைப்பை நேராக வெட்டி, பிசிறு நீக்கி, உலர்ந்த நிலையில் பொருத்திப் பார்த்தால், சாக்கெட்டில் (பைப் நுழையும் இணைப்பின் வாயில்) மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு ஆழம் வரை போய் இறுக வேண்டும். சால்வென்ட் என்ற ஒட்டும் பசையைப் பைப்பின் மேல் தாராளமாகவும் சாக்கெட்டுக்குள் மெல்லியதாகவும் தடவி, கால் சுற்றுத் திருப்பிச் செருகி, அரை நிமிடம் பிடித்திருங்கள். உள்ளே தேங்கும் மிகுதிப் பசை பைப்பின் சுவரை இளக்கிப் பின்னாளில் ஓட்டையாக்கும். கெட்டிப்பட்ட பசையை எதையும் ஊற்றி இளக்காமல் தூக்கி எறிய வேண்டும். மரை இணைப்புகளுக்குப் பித்தளை மரை பதித்த பிட்டிங்கும் டெஃப்லான் டேப்பும் போதும். பெயின்ட்டும் எண்ணெய்ப் பசைகளும் சிபிவிசியை விரிசல் விடச் செய்யலாம். வாட்டர் ஹீட்டரில் நேரடியாகப் பிளாஸ்டிக்கைப் பொருத்தாமல், இடையில் உலோகத் துண்டு ஒன்று இருக்கட்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். பழைய வீடுகள் சிலவற்றில் மின்சார எர்த் கம்பி உலோகத் தண்ணீர் பைப்போடு இணைக்கப்பட்டிருக்கும். அந்த பைப்பை வெட்டிப் பிளாஸ்டிக் போட்டால் எர்த் அறுந்துபோகும். வேலை தொடங்கும் முன் மின்பணியாளரைக் கொண்டு இதைச் சோதித்து, தனி எர்த் உறுதிசெய்யுங்கள்.

பூச்சு வேலைக்கு முன் அழுத்தச் சோதனை கட்டாயம். ஒட்டி 24 மணி நேரமாவது கழியட்டும். பிறகு முனைகளை பிளக் போட்டு அடைத்து, ஹீட்டரைக் கழற்றிவிட்டு, கீழிருந்து நீர் நிரப்பி மேல்முனையில் காற்றை முழுவதும் வெளியேற்றி, கைப்பம்பால் வழக்கமான அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றுங்கள். பிளாஸ்டிக் சற்று விரிவதால் அழுத்தமானியின் முள் முதலில் கொஞ்சம் இறங்கும். மறுபடி ஏற்றி, அதன்பிறகே நேரத்தைக் கணக்கிட்டு, இரண்டு மணி நேரமாவது பாருங்கள். காற்றழுத்தத்தில் சோதிக்க ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். பிளாஸ்டிக் பைப் வெடித்துச் சிதறும். சுவரை மூடும் முன், அளவு நாடாவை வைத்து பைப் போகும் வழியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல வேலைகளில் இந்தச் சோதனை விடுபடுகிறது என்பதால், இதை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதி, சோதனை முடிந்த பிறகே கடைசித் தவணை என்று முடிவுசெய்துகொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குழாய்ப்பணி மேற்பார்வையாளர் ஒருவர்