திருவிழாவுக்கு வர முதல்

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைச்சுது. நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பமா வாறியள் எண்டது பெரிய சந்தோசம். உன்ர மனிசிக்கும் ஐ.ரி.பி. எண்டபடியால் தம்பியின்ர கதையை விரிவாச் சொல்லுறன்.

எதிர்ப்புச்சக்தியே, ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட்டைத் தின்னுற வருத்தம். ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்கவேண்டியது தம்பிக்கு முப்பதாயிரத்தில நிண்டுது; எதிர்ப்புச்சக்தியை அடக்கிற ஸ்டீரொயிட்டான பிரெட்னிசலோன் குளிசையிலதான் ஓட்டம். பங்குனியில தங்கச்சியின்ர பெடியனுக்குக் கொப்பளிப்பான், அதுதான் சின்னம்மை. அவன் ஒரு கிழமையில எழும்பி பந்தடிக்கப் போட்டான். ரெண்டு கிழமையால தம்பிக்கு வயித்துக்குத்து. அம்மா ஓமத்தண்ணி குடுத்தா. அடுத்தநாள் முதுகு நிறையக் கொப்பளம், சிலது ரத்தம் கட்டிக் கறுப்பா. முரசிலயும் ரத்தம்.

அம்மா படலையில வேப்பிலை செருகிப்போட்டு, "அம்மாள் வந்திருக்கிறா, மருந்து மாயம் கூடாது" எண்டா. "அம்மாள்தானணை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுறா" எண்டு அவனை ஓட்டோவில ஏத்தினன். சாமியோட ஆர் வாதாடுறது!

பெரியாஸ்பத்திரியில தனி அறை. எட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா அசைக்லோவிர் எண்ட வைரஸ் மருந்தை நாளத்தால ஏத்தினவை. நெஞ்சுப்படத்தில நியூமோனியா தொடங்கியிருந்துது. ஒக்சிசன் வைச்சுத்தான் கிடந்தான். பிரெட்னிசலோனை மட்டும் திடீரெண்டு நிப்பாட்டேலாது எண்டிட்டினம். கனநாள் குடிச்சால் உடம்பு தான் சுரக்கிறதைக் குறைச்சுப்போடுமாம். இப்ப நல்ல சுகம். அம்மா தண்ணி வார்த்த கையோட மீன் கேட்டுச் சண்டை.

மனிசிக்குச் சின்னனில கொப்பளிப்பான் வந்ததோ எண்டு மாமியைக் கேள். வெயில் நாட்டில வளந்த எங்கட ஆக்கள் கனபேருக்கு அது வராமலே வயது போயிருக்கும். சந்தேகமெண்டால் ரத்தத்தில எதிர்ப்பொருள் இருக்கோ எண்டு பாக்கலாம். தடுப்பூசியில இருக்கிறது உயிருள்ள வைரஸ். ஸ்டீரொயிட் கூடின அளவில குடிக்கேக்க அவவுக்குப் போடேலாது. உனக்கும் பிள்ளையளுக்கும் வந்திராட்டில் நீங்கள் போடலாம், அதுவே அவவுக்குக் காவல். கொப்பளம் தெரிய ஒண்டு ரெண்டு நாளுக்கு முதலே இது தொத்திப்போடும், வீதி சுத்தேக்க ஆரைக் கண்டு விலகிறது? வந்தவையோட பழகினது தெரிஞ்சால் கொப்பளம் போடுமட்டும் பாத்திருக்காதேங்கோ. பத்து நாளுக்குள்ள போடுற இம்யூனோகுளோபுலின், அதுதான் எதிர்ப்பொருள் ஊசி இருக்கு. காய்ச்சலுக்கு பனடோல் மட்டும். அஸ்பிரின், புரூபன் கிட்டவும் வேண்டாம்.

அவவின்ர டொக்டர் ஓமெண்டால் டிக்கெட்டைப் போடு. மேலறைக்கு வெள்ளையடிக்க ஆளுக்குச் சொல்லியிருக்கிறன்.

அன்புடன்,
உன்ர மச்சான்
கொக்குவில்