பழைய பிக்கப் வண்டி வாங்குவோருக்குப் பதிவு ஆண்டு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வெளிவரும் வரி விளம்பரங்களில், பழைய டீசல் பிக்கப் வண்டிகளுக்கான பகுதியைப் பல ஆண்டுகளாக விடாமல் படித்து வருகிறேன். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிச் செல்லும் வாடகைத் தொழிலில் இருக்கும் நான் இதுவரை வாங்கிய ஐந்து வண்டிகளில் ஒன்றுகூடப் புதியதில்லை. "2017 மாடல், நல்ல கண்டிஷன், எஃப்.சி. கரண்ட்" (அதாவது, தகுதிச் சான்று நடப்பில் உள்ளது) என்று வரும் ஒற்றை வரி, பழைய வண்டி வாங்குபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியைச் சொல்லாமலே விட்டுவிடுகிறது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பி.எஸ். (பாரத் ஸ்டேஜ்) என்பது வண்டிப் புகைக்கான மாசுக் கட்டுப்பாட்டு நிலை; எண் கூடக்கூட விதி கடுமையாகும். இதில் பி.எஸ்.-4 விதி 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு மூன்றே நாள் முன்னதாக, மார்ச் 29 அன்று, பி.எஸ்.-3 வண்டிகளை ஏப்ரல் முதல் விற்கவும் பதிவு செய்யவும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மார்ச் 31-க்குள் விற்கப்பட்டதற்குச் சான்று இருந்தால் மட்டும் பின்னர் பதிவு செய்துகொள்ளலாம் என்று விலக்கும் அளித்தது. கையிருப்பில் இருந்த வண்டிகள் அந்த இரண்டு நாட்களில் பெரும் தள்ளுபடியில் விற்றதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி விற்ற வண்டிகளில் பல 2016-இல் தயாரானவை. பதிவான ஆண்டோ 2017. நான் 2019-இல் ஒரு தரகர் மூலம் வாங்கிய "2017 மாடல்" இத்தகைய வண்டிதான். ஆர்.சி. எனும் பதிவுச் சான்று அட்டையில் உரிமையாளர் பெயரையும், கடன் தீர்ந்துவிட்டதா என்பதையும் பார்த்த நான், உற்பத்தி மாதம் 2016 நவம்பர் என்று அதே அட்டையில் இருந்ததைப் பார்க்கவில்லை. பி.எஸ்.-4 வண்டிக்குரிய விலையைக் கொடுத்து பி.எஸ்.-3 வண்டியை ஓட்டி வந்திருக்கிறேன் என்பது, நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அதை விற்கப் போனபோது, வாங்க வந்த பழனிக்காரர் ஆர்.சி.யைக் கையில் வாங்கிய உடனே சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் எதிர்பார்த்த விலையில் 40,000 ரூபாய் குறைந்தது.

இதே குழப்பம் 2020-ஐ ஒட்டியும் உண்டு. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 கட்டாயமானது. ஆனால் ஊரடங்கு காரணமாகப் பதிவு நின்றுபோய், மார்ச் இறுதிக்குள் விற்று அரசின் 'வாகன்' பதிவு இணையதளத்தில் ஏற்றப்பட்டிருந்த பி.எஸ்.-4 வண்டிகளைப் பதிவு செய்துகொள்ள, டெல்லி வட்டாரம் நீங்கலாக, ஆகஸ்டில்தான் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ஆகவே 2020-இன் பிற்பகுதியில் பதிவான வண்டியெல்லாம் பி.எஸ்.-6 என்று எண்ணிவிடக் கூடாது. பின்னோக்கிப் போனால், சென்னை உட்பட 13 நகரங்களில் 2010 ஏப்ரலிலேயே பி.எஸ்.-4 வந்துவிட்டதால், 2012-இல் சென்னையில் பதிவான வண்டியும் அதே ஆண்டு திண்டுக்கல்லில் பதிவான வண்டியும் இருவேறு நிலைகளைச் சேர்ந்தவையாக இருக்கக்கூடும்.

இந்த வேறுபாடு வெறும் காகிதத்தில் இருப்பதன்று. இன்ஜினின் அமைப்பே மாறுகிறது. பி.எஸ்.-3 பிக்கப்புகளில் பல, டீசலை இயந்திர முறைப் பம்பு வழியாக நாசில் எனும் தெளிப்பு முனைக்கு அனுப்புபவை. அவற்றை எந்த ஊர்ப் பட்டறையிலும் பிரித்துச் சரிசெய்ய ஆள் உண்டு. நடு வழியில் நின்றாலும் பெரும்பாலும் ஓட்டுநரே ஓரளவு சமாளித்துவிடுவார். பி.எஸ்.-4 காலத்தில் காமன் ரெயில் முறை பரவலானது. ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் இம்முறையில் இழுவையும் மைலேஜும் கூடுகின்றன, ஆனால் டீசலில் சிறிது தண்ணீரோ தூசியோ கலந்தாலும் இன்ஜெக்டர் எனும் தெளிப்பான் பழுதாகிவிடும், அதன் செலவும் பழைய நாசிலைப் போலச் சில நூறு ரூபாயில் முடிவதில்லை. பி.எஸ்.-6 வந்தபோது டீசலிலுள்ள கந்தகத்தின் அளவு பத்து லட்சத்துக்கு 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டியும் பரவலாக வந்தது.

இந்த வடிகட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் பி.எஸ்.-6 வண்டி வாங்கிவிட்டு இன்று வருந்துகிறவர்களில் பெரும்பாலோர் இதனால்தான் வருந்துகிறார்கள். பிடித்து வைத்த கரியை வடிகட்டி தானே எரித்துக்கொள்ள ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் தேவை. வண்டி நிற்காமல் கால் மணி நேரம், இருபது நிமிடம் ஒரே சீரான வேகத்தில் ஓடினால்தான் அந்த வேலை தடையின்றி முடியும். ஒட்டன்சத்திரத்திலிருந்து திருச்சூருக்கு ஓடும் வண்டிக்கு இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. எங்கள் பகுதியில் பால் சேகரிக்கும் நண்பர் ஒருவர் 2021-இல் தயாரான வண்டியை வாங்கினார். கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில் நின்று நின்று போகும் அந்த ஓட்டத்தில் கரி எரிய வழியே இல்லாமல், எச்சரிக்கை விளக்கு மாதத்துக்கு இரு முறை எரிந்தது. எரிப்பு பாதியில் நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் டீசல் கசிந்து இன்ஜின் ஆயிலோடு கலந்ததால், ஆயிலின் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போனது. பட்டறையில் சிலர் அந்த வடிகட்டியையே வெட்டியெடுத்துவிடச் சொன்னார்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது என்பதோடு, அந்த வண்டியை அடுத்து வாங்கும் இன்னொரு ஏழைத் தொழிலாளியின் தலையில் சுமையை ஏற்றுவதும் ஆகும் என்று அவர் மறுத்துவிட்டதை இங்கே மதிப்போடு பதிவு செய்கிறேன். வடிகட்டி நல்ல நிலையில் உள்ள வண்டியின் புகைக்குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்தால் கரி ஒட்டாது. விரல் கறுத்தால் வடிகட்டி உடைந்திருக்கிறது அல்லது அகற்றப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

எனவே எந்த ஆண்டு வண்டி நல்லது என்று கேட்பவர்களிடம், என்ன ஓட்டம் ஓட்டப் போகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்கிறேன். தோட்டத்துக்கும் சந்தைக்குமாக நாளுக்கு இருபது, முப்பது கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு, 2018-லும் 2019-லும் தயாரான பி.எஸ்.-4 வண்டியே பொருத்தம் என்பது என் துணிந்த கருத்து; விதி மாறிய முதல் ஆண்டின் குறைகள் அதற்குள் பெரும்பாலும் களையப்பட்டிருந்தன. வெளியூர் நெடுஞ்சாலை ஓட்டமாக இருந்தால் பி.எஸ்.-6 வாங்கலாம், அதிலும் 2023 ஏப்ரலில் வந்த இரண்டாம் கட்ட விதிக்குப் பிறகு தயாரானவை கைக்கு எட்டும் விலையில் கிடைத்தால் அவற்றை எடுப்பதே மேல். கையில் பணம் குறைவு, ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே வண்டி ஓடும் என்பவர் 2014 முதல் 2016 வரையிலான பி.எஸ்.-3 வண்டியைத் தெரிந்தே, அதற்குரிய குறைந்த விலைக்கு வாங்குவதில் தவறில்லை. ஆனால் எட்டு ஆண்டு கடந்த வாடகை வண்டிக்கு எஃப்.சி. ஆண்டுதோறும் எடுக்க வேண்டும் என்பதையும், பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகளுக்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பன்மடங்கு உயர்த்தப்பட்டது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2010-க்கு முந்தைய வண்டியை இனாமாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

ஆண்டு சரியாக இருந்தும் வண்டி சரியில்லாமல் போவதும் உண்டு. மீன் ஏற்றிய வண்டியின் சேஸிஸை (அடிச்சட்டத்தை) உப்புநீர் அரித்திருக்கும். எம்-சாண்ட் ஏற்றியதில் பின் வில்லுக்குக் கூடுதல் பட்டை வைத்திருப்பார்கள். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளத்தில் மூழ்கியவை வேறு மாவட்டங்களுக்கு வந்து விற்பனைக்கு நிற்கக்கூடும். இவற்றை நேரில் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும், விளம்பரத்தில் எதிர்பார்க்க இயலாது.

உற்பத்தி மாதமும் பி.எஸ். நிலையும் அப்படியல்ல. ஆர்.சி.யைப் பார்த்து எழுத அரை நிமிடம் போதும். விளம்பரத்தில் நான்கு சொற்களுக்கு மேல் ஆகாது. பழைய சரக்கு வண்டிகளுக்கான விளம்பரங்களை ஏற்கும்போது பதிவு ஆண்டுடன் உற்பத்தி மாதம், ஆண்டு, பி.எஸ். நிலை, எஃப்.சி. முடியும் தேதி ஆகியவற்றையும் கட்டாயமாகக் கேட்டுப் பெறுமாறு தங்கள் விளம்பரப் பிரிவுக்கு அறிவுறுத்த வேண்டும் எனத் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கூடுதல் சொற்களுக்குக் கட்டணம் வசூலிக்காமல் விட்டால், மறைக்க நினைக்கும் தரகரைத் தவிர வேறு எவரும் அவற்றைத் தர மறுக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
காய்கறி வாடகை வண்டி உரிமையாளர் ஒருவர்,
ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் மாவட்டம்.