நோய்த்தடுப்புத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் குடியிருப்பில் எடுத்துக்கொண்ட வேலைகள் ஒருவழியாக முடிந்தன. சாக்கடை மூடுவதற்கும் தொட்டி கழுவுவதற்கும் ‘திருப்பணி’ என்று பெயரா என முதல் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் சிரித்தார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஆரம்பத்தில் பலரும் கேட்டது புகை மருந்துதான். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக்கொசுவாக 8 முதல் 10 நாள் போதும். அதனால்தான் வாரம் ஒரு நாள் எல்லா வீட்டிலும் பாத்திரம், தொட்டி, செடித்தட்டு எல்லாவற்றையும் காலிசெய்வது என்று முடிவெடுத்தோம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மறுபடி நீர் பட்டால் பொரியும். தேய்த்துக் கழுவத்தான் வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். மூன்றாவது வாரச் சோதனையில் புழு அகப்பட்ட இடம், குழு கூடும் அறையின் பின்புறம் கிடந்த பழைய வாளி. டார்ச் அடித்ததும் அத்தனையும் துள்ளிக்கொண்டு அடியில் போய் ஒளிந்தன. அதுவரை வீடு வீடாகப் போய் உபதேசம் செய்தவர்கள் நாங்கள்! அப்புறம் சோதனைக்குப் போகும் பொறுப்பைக் குழுவிடமிருந்து எடுத்து, முறைவைத்து எல்லா வீடுகளுக்கும் கொடுத்தோம். கதவைத் திறக்கத் தயங்கிய வீடுகளும் அதற்குப் பிறகுதான் திறந்தன.

அதிக நாள் இழுத்தது குடிநீர்க் குழாய் வேலை. பழைய குழாய் ஓரிடத்தில் சாக்கடைக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் வரும் நேரத்தில் அழுத்தம் இருப்பதால் கசிவு வெளியே போகும். நின்றபின் அதே விரிசல் வழியாக அழுக்குநீர் உள்ளே இழுக்கப்படும். வயிற்றுப்போக்குக்கு மருந்து வாங்கிக்கொண்டே இருந்த வீடுகள் பெரும்பாலும் அந்த வரிசையில்தான். குழாயை மேலே ஏற்றிப் புதிதாகப் பதித்தாயிற்று. தொட்டியில் குளோரின் கலந்து 30 நிமிடம் கழித்து, லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் நிற்கிறதா என்று பார்க்கும் சோதனைப் பெட்டி இப்போது நம்மிடமே இருக்கிறது.

கை கழுவும் இடங்கள், மூடிய குப்பைத் தொட்டிகள், நடைபாதை விளக்குகள் ஆகியவையும் முடிந்தன. விளக்குக்கும் நோய்த்தடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். இருட்டென்று நடையை நிறுத்தியவர்களில் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் நிறைய. பின்லாந்தின் வடக்கு கரேலியாவில் 1972-இல் மாரடைப்பைக் குறைக்கக் கிளம்பியவர்கள் மருத்துவமனையோடு நிற்கவில்லை. பால் பண்ணை, பள்ளி, பெண்கள் சங்கம் என்று எல்லோரையும் இழுத்துப் போட்டார்கள். உழைக்கும் வயது ஆண்களிடையே இதயநோய் மரணம் சில பத்தாண்டுகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. நம் விளக்கு அவ்வளவு செய்யும் என்று சொல்லவில்லை. ஆனால் மாலையில் நடப்பவர்கள் கூடியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது.

பாக்கி ஒன்று உண்டு. கடைசி வளைவில் வடிகாலின் சரிவு சரியாக அமையவில்லை. மழை விட்ட பிறகும் அங்கே தண்ணீர் தேங்குகிறது. ஒப்பந்தக்காரர் மூடியைத் திறந்து சரிசெய்து தரும்வரை அவருக்குரிய கடைசித் தவணையை நிறுத்தி வைத்திருக்கிறோம். வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்ததும் தனியே வரும். இந்த மாதம் சோதனைப் பெட்டி முதல் வரிசை வீடுகளிடம் இருக்கும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு