சமூகநீதிப் பணிக்குழு: 2024–2025 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, பங்குப் பேரவையினரே, அன்பியப் பொறுப்பாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளான மே 1 முதல் ஏப்ரல் 30 வரை நம் குழுவுக்கு ஓர் ஆண்டு. ஏழை வீடுகளுக்கான மாத அரிசியும் மருந்துச் செலவும் வழக்கம்போல வின்சென்ட் தே பவுல் சபையின் பொறுப்பில் நடந்தன. நம் குழு பெரும்பகுதி நேரத்தை அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிக்கொட்டை ஆலைக்குப் போகும் நம் பங்குப் பெண்களின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) தாள்களைச் சரிசெய்வதில் செலவிட்டது. அது அவர்கள் கூலியில் பிடித்த பணம், யாரும் இரங்கிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஞாயிறு முதல் திருப்பலி முடிந்ததும் பங்கு மன்றத்தில் உதவி மேசை போட்டோம். முதலில் வந்து நின்றது பெயர்ச் சிக்கல். ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர்; ஆதாரில் 'மேரி ஸ்டெல்லா', ஆபீஸ் பதிவேட்டில் 'ஸ்டெல்லாபாய்'. கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின் கணவரின் இனிஷியல். ஓர் எழுத்து மாறினாலும் இணையத்தில் விண்ணப்பம் திரும்பி வந்துவிடுகிறது. ஆதாரை முதலில் சரிசெய்து, அதற்கு ஒத்தபடி வங்கிக் கணக்கு, பிறகு பி.எஃப். உறுப்பினருக்கான நிலையான எண்ணாகிய யு.ஏ.என். என்ற வரிசையில் போனால் வேலை முடியும். யு.ஏ.என்.னை முதலில் திருத்தியவர்கள் ஆதார் மாறியதும் மறுபடியும் தொடக்கத்துக்கே வந்தார்கள். ஆபீஸ் மூடிக் கிடந்தால் முதலாளியின் ஒப்புதல் தேவைப்படும் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடுகிறது. ஆகவே ஆபீஸ் ஓடிக்கொண்டிருக்கும் மாதங்களிலேயே திருத்தங்களை முடித்துவிட வேண்டும்.

பெரிய இழப்பு பென்ஷனில்தான். 10 ஆண்டு சர்வீஸ் இருந்தால் 58 வயதில் மாதப் பென்ஷன் உண்டு. ஆனால் ஓர் ஆபீஸை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போதெல்லாம் பி.எஃப். சேமிப்பை எடுக்கும் 19ஆம் படிவத்தோடு, பென்ஷன் பங்கை எடுக்கும் 10சி படிவத்தையும் போட்டு எல்லாப் பணத்தையும் எடுத்துவிடுகிறார்கள். பென்ஷன் பங்கை எடுத்ததும் அதுவரையிலான சர்வீஸ் அழிந்துபோகிறது. இருபது, முப்பது வருஷம் கொட்டை உடைத்த பெண்ணுக்கு முதுமையில் ஒன்றுமில்லாமல் போவது இப்படித்தான். பிள்ளையின் படிப்புக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ பணம் தேவைப்பட்டால் வேலையை விட்டவர் 19ஆம் படிவத்தில் சேமிப்பை மட்டும் எடுக்கலாம். 10சியில் பணத்துக்குப் பதிலாக ஸ்கீம் சர்டிபிகேட் (பென்ஷன் சர்வீஸைக் காட்டும் சான்று) கேட்டால் பழைய சர்வீஸ் அடுத்த வேலையோடு சேரும். வேறு ஆபீசுக்குப் போய் அதே தொழிலைத் தொடர்பவர்கள் இரண்டையும் தொட வேண்டாம், புதிய ஆபீசின் கணக்குக்கு மாற்றினால் போதும். ஒவ்வொரு அன்பியக் (பக்கத்து வீட்டுக் குடும்பங்களின் சிறு குழு) கூட்டத்திலும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் இன்னும் எல்லா வீடுகளுக்கும் எட்டவில்லை.

இ.எஸ்.ஐ.யில் நாள் கணக்குதான் முக்கியம். ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இரண்டு ஆறு மாதங்கள். ஒன்றில் 78 நாள் சந்தா இருந்தால்தான் அதற்குரிய அடுத்த பருவத்தில் நோய்க்காலப் பணம் கிடைக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கொட்டை தாமதமானால் ஆபீஸ் அடைபடும், நாள் குறையும். கூலிச் சீட்டைத் தூக்கி எறியாமல் வேலைக்குப் போன நாளை வீட்டுக் காலண்டரில் குறித்து வைக்கச் சொன்னோம். பதிவேட்டில் நாள் குறைவாகக் காட்டப்பட்டால் கேட்பதற்கு அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

கொட்டைத் தோட்டின் எண்ணெய் தோலை அரிக்கும். அதனால் பல பெண்களின் விரல் ரேகை தேய்ந்து, ரேஷன் கடைக் கருவியிலும் ஆதார் மையத்திலும் பதிவதில்லை. ரேகை புதுப்பிக்கப் போவதற்கு முன் சில நாள் கொட்டை தொடாமல், இரவில் தேங்காய் எண்ணெய் தடவி, தோல் ஆறிய பிறகு போனால் பெரும்பாலும் பதிகிறது. பென்ஷன் வாங்கும் அம்மாமார் உயிர்வாழ் சான்றை முகம் காட்டியே செல்போனில் பதியலாம், விரல் வைக்க வேண்டியதில்லை.

நம் பக்கம் ஒரு தவறு நடந்தது. அவசரத்தில் இளைஞர் சிலர் தங்கள் செல்போன் எண்ணையே விண்ணப்பங்களில் கொடுத்துவிட்டார்கள். பிறகு ஓ.டி.பி. அவர்களுக்குப் போய், அந்தப் பெண்கள் தங்கள் கணக்கைத் தாங்களே திறக்க முடியாமல் தவித்தார்கள். இப்போது விண்ணப்பிப்பவரின் எண் அல்லது அவர் வீட்டில் நிலையாக இருப்பவரின் எண் மட்டுமே எழுதுகிறோம். அதைப் பாஸ்புக்கின் பின்னட்டையிலும் குறிக்கிறோம். ஆதார் நகல் எதையும் மேசையில் வைத்துக்கொள்வதில்லை.

கேரளத்துக்கு வேலைக்குப் போகும் கொத்தனார், கையாள் சகோதரர்களுக்குக் கட்டுமானத் தொழிலாளர் வாரியப் பதிவை எடுத்துச் சொன்னோம். முந்தைய 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்தவராகவும் 18 முதல் 60 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும். காண்டிராக்டர் அடிக்கடி மாறுவதால் பணிச்சான்று வாங்குவதுதான் பாடாக இருக்கிறது. இதில் நாம் அதிக தூரம் போகவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

உலக வறியோர் நாளான நவம்பர் 17 அன்று எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தோம். பொட்டலம் கொடுத்து அனுப்பவில்லை. உதவி பெறுவோர் பெயரை இனி எந்தப் பலகையிலும் எழுதக் கூடாது என்று அன்று எடுத்த முடிவைப் பேரவையும் ஏற்றது. தொழிலாளர் உரிமை பற்றிய திருத்தந்தை 13ஆம் சிங்கராயரின் (லியோ) சுற்றுமடல் 1891 மே 15 தேதியிட்டது. நம் நட்டாலத்து மண்ணின் தேவசகாயம் புனிதரானதும் ஒரு மே 15தான், 2022இல். ஆகவே ஆண்டுதோறும் அந்த நாளைக் குழுவின் நாளாக வைத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைக்கிறோம்.

வரவு செலவைப் பொருளாளர் தனித்தாளில் வாசிப்பார்.

வரும் ஆண்டில் ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும் இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவராவது அண்டி ஆபீசில் வேலை பார்த்த பெண்ணாக இருக்கட்டும். மேசைக்கு வருகிறவர்கள் ஆதார், வங்கிப் பாஸ்புக், பழைய கூலிச் சீட்டு, வேலை பார்த்த எல்லா ஆபீஸ்களின் பி.எஃப். எண்கள், ஆதாரோடு இணைத்த செல்போன் ஆகியவற்றைக் கையோடு கொண்டு வாருங்கள்.

செயலாளர்
பங்குச் சமூகநீதிப் பணிக்குழு