‘சேர்க்கப்படும்’, ‘சேர்க்கப்படலாம்’ ஆன கதை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 27 ஆண்டுகள் பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்தியவள் நான். பிறர் எழுத்தில் ஒற்று விட்டுப்போன இடத்தைத் தேடிப் பிடிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மருந்துப் பெட்டிமேல் அச்சடித்திருப்பதைக்கூடப் பென்சிலும் கையுமாகத்தான் படிக்கிறேன். வீட்டில் கேலி செய்வார்கள். அந்தப் பழக்கத்தால் அண்மையில் எனக்கு ஒரு நன்மை விளைந்தது. கூடவே இரண்டு மாத அலைச்சலும் வந்து சேர்ந்தது.

ஒரு நாள் காலை என் கைபேசி நிறுவனத்திடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. “உங்களுக்கு மேலும் சிறப்பாகச் சேவையாற்றும் பொருட்டு எங்கள் விதிமுறைகளைப் புதுப்பித்துள்ளோம். சேவையைத் தொடர்ந்துப் பயன்படுத்துவது உங்கள் ஒப்புதலாகக் கருதப்படும்.” கீழே ஓர் இணைப்பு. ‘தொடர்ந்து’ என்ற சொல்லுக்குப் பின் ‘ப்’ வராது. என் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பிழைதான். அது இல்லாதிருந்தால் நானும் எல்லாரையும்போல அந்தச் செய்தியை அழித்துவிட்டு அடுப்படிக்குப் போயிருப்பேன்.

இணைப்பைத் திறந்தால் 38 பக்கங்கள். எது பழையது, எது புதியது என்பதற்கு ஓர் அடிக்கோடுகூட இல்லை. நல்லவேளையாக, 13 மாதங்களுக்கு முன்பு கையெழுத்திட்டபோது வாங்கிய பழைய ஒப்பந்தத்தைக் கோப்பில் வைத்திருந்தேன். அச்சகத்தில் மூலப்படியை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் புரூஃப்மீது விரல் வைத்துக்கொண்டே வருவது வழக்கம். என் கணவரைப் பழைய ஒப்பந்தத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு, புதியதன்மேல் நான் விரலை ஓட்டினேன். ஒன்பதாம் பக்கத்தில் அவருக்குக் கொட்டாவி வந்துவிட்டது. பதினோராம் பக்கத்தில் என் விரல் நின்றது.

பழையதில், “அந்த மாதம் பயன்படுத்தாத டேட்டா அடுத்த மாதத்துக்குச் சேர்க்கப்படும்” என்று இருந்தது. புதியதில், “சேர்க்கப்படலாம்” என்று இருக்கிறது. ‘டும்’ போய் ‘டலாம்’ வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ‘படும்’ என்றால் அது அவர்கள் கடமை. ‘படலாம்’ என்றால் அது அவர்கள் மனம். நான் இந்தத் திட்டத்தை எடுத்ததற்கு முக்கியக் காரணமே அந்த வரிதான். மகன் ஊரிலிருந்து வரும் மாதம் வீடியோ அழைப்பு இருக்காது. அவன் போன பிறகு அதற்கும் சேர்த்துப் பேசுவோம். மீதி அடுத்த மாதத்துக்கு வராவிட்டால் எனக்கு இந்தத் திட்டமே வேண்டாம்.

விரலை மேலும் ஓட்டினோம். குறிப்பிட்ட அளவுக்குமேல் பயன்படுத்தினால் வேகம் குறையும் என்ற வரி ‘நியாயமான பயன்பாடு’ என்ற பெயரில் புதிதாக நுழைந்திருந்தது. நியாயம் எத்தனை ஜிபி என்று சொல்லவில்லை. காகித ரசீதுக்குத் தனிக் கட்டணம். கடைசியாக, 29ஆம் பக்கத்தில், ஆண்டுக்கு ஒருமுறை மாதக் கட்டணத்தை மாற்றியமைக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்று ஒரு புதிய உட்பிரிவு.

அதே ஒப்பந்தத்தின் 14ஆம் பிரிவும் என் கண்ணில் பட்டது. விதிமுறை மாற்றம் வாடிக்கையாளருக்குப் பாதகமாக இருந்தால், அறிவிப்புக் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கட்டணமின்றி விலகலாம் என்கிறது அது. குறுஞ்செய்தியில் ஏன் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை? மாற்றத்தைச் சொல்ல இடம் இருந்தது, ஒப்புதலாகக் கருதப்படும் என்று மிரட்டவும் இடம் இருந்தது, விலகலாம் என்று சொல்ல மட்டும் இடம் இல்லாமல் போய்விட்டது.

வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, இசையைக் கேள். இருபது நிமிடங்கள் கழித்து ஓர் இளைஞர் வந்தார். மரியாதையான பிள்ளை. “மேடம், இது விலை உயர்வு இல்லை, புதுப்பிப்புதான். இப்போது விலகினால் மீதியுள்ள 11 மாதங்களுக்கு முன்கூட்டிய விலகல் கட்டணம் உண்டு” என்றார். 14ஆம் பிரிவைப் படித்துக் காட்டினேன். சற்று நேரம் தட்டச்சு ஓசை மட்டும் கேட்டது. பிறகு, “விதிமுறைகளை அவ்வப்போது மாற்றலாம் என்று நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலேயே இருக்கிறதே, மேடம்” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் முன்னால் இருக்கும் திரையில் எழுதியிருப்பதைத்தான் அவர் படிக்கிறார்.

ஆனால் அந்த வாதம் லேசானது அல்ல. அதை வைத்து நீதிமன்றத்தில் வென்றவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரியாவில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம் விலைவாசிக் குறியீட்டை ஒட்டிக் கட்டணத்தை உயர்த்தியபோது, அது ஒப்பந்த மாற்றமா என்ற கேள்வி ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்குப் போனது. 2015 நவம்பரில் வந்த தீர்ப்பு, இல்லை என்றது. அரசு அமைப்பு வெளியிடும் குறியீட்டின்படி உயரும் என்று முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், அதன்படி உயர்த்துவது மாற்றமாகாது. விலகும் உரிமையும் பிறக்காது. அந்தத் தீர்ப்பில் எனக்குக் குறை இல்லை. கணக்கு முன்கூட்டியே தெரிந்துதான் அங்கே கையெழுத்து விழுந்திருக்கிறது. என் ஒப்பந்தத்தில் குறியீடும் இல்லை, கணக்கும் இல்லை. ‘அவ்வப்போது மாற்றலாம்’ என்ற இரண்டு சொற்களுக்குள் எதை வேண்டுமானாலும் அடைக்கலாம் என்றால் மீதி 38 பக்கங்களை எதற்காக அச்சடித்தார்கள்?

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள். அது கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர் சொல்லக்கூடிய வார்த்தை. கேட்காமலே இருந்துவிட்டு என் மௌனத்தை எடுத்துக்கொள்ள இவர்கள் யார்? கையால் எழுதிய பத்திரத்தில் ஒரு சொல்லை அடித்துத் திருத்தினால்கூட, பக்கத்து ஓரத்தில் இரு தரப்பும் சுருக்கொப்பம் இடுவார்கள். இங்கே ஒரு தரப்பே அடித்து, எழுதி, எனக்கும் சேர்த்து ஒப்பம் இட்டுக்கொள்கிறது.

இளைஞர் என்னை வேறொரு பிரிவுக்கு மாற்றிவிட்டார். வாடிக்கையாளரைப் போகவிடாமல் தக்கவைப்பதற்கென்றே இருக்கும் பிரிவு அது. அங்கே ஒரு பெண், தேன் சொட்டும் குரல். மூன்று மாதங்களுக்கு டேட்டா இரட்டிப்பு, காகித ரசீது இலவசம், இப்போதே ‘சரி’ என்று சொன்னால் போதும். எனக்கும் சபலம் தட்டியது, ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது. பிறகு கேட்டேன்: “இதை ஏற்றால் பழைய ஒப்பந்தமே தொடருமா, புதிதாகத் தொடங்குமா?” சிறிது நேரம் பதில் இல்லை. “புதிய 24 மாதங்கள் தொடங்கும், மேடம்.” நான் கேட்காமல் இருந்திருந்தால் அந்தத் தேன்குரல் அதைச் சொல்லியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

தொலைபேசியில் பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும் எழுத உட்கார்ந்தேன். ஒரே பக்கம். குறுஞ்செய்தி வந்த தேதி, பழைய வரி, அதன் கீழே புதிய வரி, 14ஆம் பிரிவு, கட்டணமின்றி விலகுகிறேன் என்ற ஒரு வாக்கியம், எழுத்தில் பதில் வேண்டும் என்ற இன்னொரு வாக்கியம். மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். புலம்பல் ஒரு வரிகூட இல்லை. எழுதத் தோன்றியதையெல்லாம் இந்தக் கடிதத்துக்காக எடுத்துவைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் மகன், “எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டால் இவர்கள் என்ன செய்ய முடியும், அம்மா?” என்றான். இதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். விலகலை எழுத்தில் உறுதிசெய்யாமல் எண்ணை மாற்றினால், நாமாகவே ஒப்பந்தத்தை முறித்ததாகக் கணக்கெழுதி விலகல் கட்டணத்தை அனுப்பிவிடுவார்கள். எண்ணை மாற்றாமல் இணைப்பை மட்டும் ரத்து செய்தால் எண்ணே போய்விடும். 16 ஆண்டுகளாக வைத்திருக்கும் எண் அது. வங்கியின் ஓடிபி முதல் மருத்துவமனைச் சீட்டு வரை எல்லாம் அதற்குத்தான் வருகிறது. முதலில் எழுத்தில் உறுதி, அடுத்து எண்ணை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகக் கேட்டுப் பெறும் மாற்றக் குறியீடு, எண் புதிய இடத்துக்குப் போனதும் பழைய இணைப்பு தானாக முடியும். இந்த வரிசையை மாற்றக்கூடாது. கோபத்தில் வங்கிக்குச் சொல்லித் தானியங்கிப் பிடித்தத்தை நிறுத்துவதும் வேண்டாம். நம் நியாயமெல்லாம் அப்புறம் ‘நிலுவை’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் புதைந்துவிடும்.

உங்கள் வாசகர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள், விதியும் நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்புச் சட்டத்தொகுப்பில் 105ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. நிறுவனம் குறைந்தது ஒரு மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும், விலகும் உரிமையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முழுக்க வாடிக்கையாளருக்கு ஆதாயமான மாற்றம், பாதிப்பில்லாத நிர்வாக மாற்றம், சட்டமே கட்டாயப்படுத்திய மாற்றம் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. ஒப்பந்தத்தோடு தந்த கைபேசியை நாமே வைத்துக்கொண்டால் எவ்வளவு கேட்கலாம் என்பதற்கும் அதில் உச்சவரம்பு உண்டு. பிரிட்டனில் 2025 ஜனவரி 17 முதல் போடும் ஒப்பந்தங்களில், இடையில் வரும் உயர்வைப் பணவீக்கத்தின் தலையில் கட்ட முடியாது. எப்போது, எவ்வளவு என்பதைப் பவுண்டு, பென்ஸ் கணக்கில் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் விதித்திருக்கிறது. 65075 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் மாற்றக் குறியீட்டோடு விலகல் கட்டணம் எவ்வளவு என்பதும் அங்கே வந்துவிடும்.

இந்தியாவில் ஒரு கட்டணத் திட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்கு அதன் கட்டணத்தை உயர்த்தக்கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. எண் மாற்றக் குறியீட்டை 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பெறலாம். ஆனால் ஒப்பந்தத்தில் விலகல் நிபந்தனை இருந்து அதை நிறைவேற்றாமல் இருந்தால் அந்தக் கோரிக்கையை மறுக்க இடமுண்டு. நான் மேலே சொன்ன வரிசை அங்கும் பொருந்தும். தொலைபேசி நிறுவனங்கள்மீது நுகர்வோர் ஆணையங்களில் வழக்குத் தொடுக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

என் கதைக்கு வருகிறேன். ஆறாம் நாள், “உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது” என்று ஒரு பதில். பதினைந்தாம் நாளும் அதே வாக்கியம், ஒரு புள்ளிகூட மாறவில்லை. 30 நாள் கெடு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. இருபத்திரண்டாம் நாள், “கெடு முடிவதற்குள் நான் விலகலை அறிவித்துவிட்டேன், உங்கள் தாமதம் என் உரிமையைக் குறைக்காது” என்று மீண்டும் எழுதினேன். இருபத்தாறாம் நாள் உறுதி வந்தது. விலகல் கட்டணம் இல்லை. கைபேசிக்கு உரிய மீதித் தவணையைக் கட்டினேன். அது நான் வாங்கிய பொருள், அதில் வாதாட எனக்கு எதுவும் இல்லை.

எண்ணை மாற்றிய பிறகு வந்த இறுதி ரசீதில் என்ன இருந்தது தெரியுமா? முன்கூட்டிய விலகல் கட்டணம், 11 மாதங்களுக்கு. தானியங்கி முறையில் பணத்தையும் எடுத்துவிட்டார்கள். அவர்களுடைய கடிதத்தை அவர்களுக்கே திருப்பி அனுப்பியதும் 19 நாட்களில் பணம் திரும்பி வந்தது. வருத்தம் தெரிவித்த மின்னஞ்சலில் என் பெயரில் ஓர் எழுத்துப்பிழை. அதைத் திருத்தி அனுப்பவில்லை, அதற்கெல்லாம் யார் கூலி தருவது?

ஒழுங்குமுறை அமைப்புகளிடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. மாற்றத்தை அறிவிக்கும் குறுஞ்செய்தியிலேயே, விலக விரும்பினால் எந்தத் தேதிக்குள், எந்த எண்ணுக்கு என்பதையும் எழுத வைக்கலாம். 38 பக்கங்களை வாடிக்கையாளர் தலையில் கொட்டாமல், மாறிய வரிகளை மட்டும் பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம் என்று ஒரே தாளில் தரச் செய்யலாம். அவர்களுடைய வழக்கறிஞரிடம் அந்தத் தாள் நிச்சயம் இருக்கும். அதைப் பார்த்துத்தானே புதியதை எழுதியிருப்பார்?

புதிய நிறுவனத்தின் ஒப்பந்தம் சென்ற வாரம் வந்தது. 31 பக்கங்கள். என் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தாமாகவே படிக்கத் தொடங்கினார். 22ஆம் பக்கத்தில், “சேவையைத் தொடர்ந்து பயன்படுத்துவது ஒப்புதலாகக் கருதப்படும்” என்று இருக்கிறது. இவர்கள் ‘ப்’ போடவில்லை. பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, தாளைக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்
(பெயரை வெளியிட வேண்டாம்)